ஆய்வகத்திலிருந்து கூரை வரை

நுழையும்முன்

சூரிய ஒளியை மின்னாற்றலாக மாற்றும் தகடுகள் இன்று சிற்றூர்க் கூரைகளிலும் காணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சிலிக்கானால் ஆனவை. சிலிக்கானை விஞ்சக்கூடியது என்று பேசப்படும் பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய பொருள், ஆய்வகங்களில் வியப்பூட்டும் விரைவில் வளர்ந்துள்ளது. ஆய்வகத்தில் வென்ற பொருள் அங்காடியிலும் வெல்லுமா? அவ்வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? இவ்வினாக்களை ஆராய்ந்து ஒரு முடிவை முன்வைக்கிறது இக்கட்டுரை.

விலையில்லா வெயில்

வெயிலுக்கு விலையில்லை. மொட்டைமாடியில் வடகம் காயவைப்பவரும், களத்தில் நெல்லை உலர்த்துபவரும், தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திகட்டி உவர்நீரைத் தேக்குபவரும் அதை எவரிடமும் பணம் கொடுத்து வாங்குவதில்லை. ஆனால், அதே வெயிலை மின்சாரமாக மாற்ற முனையும்போது செலவு வந்துசேர்கிறது. நிலக்கரி மின்நிலையத்தில் செலவின் பெரும்பகுதி நாள்தோறும் எரிபொருளாக வருகிறது. சூரிய மின்னமைப்பிலோ ஏறத்தாழ முழுச் செலவும் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது.

ஒரு குடும்பம் தன் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துகிறது என்றால், வரவிருக்கும் இருபத்தைந்து ஆண்டுகளின் மின்சாரத்துக்கு இன்றே விலை கொடுத்துவிடுகிறது என்பதே பொருள். அவ்விலைக்காக வங்கியில் கடன் பெற்றிருக்கலாம். நகையை அடகு வைத்திருக்கலாம். தகடு சொன்னபடி உழைத்தால் அக்குடும்பத்துக்கு ஆதாயம். பாதி வழியில் ஓய்ந்துவிட்டால், மின்சாரம் நின்றபின்னும் கடன் தொடரும். ஆகவே, சூரிய மின்சார வணிகம் நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. புதிய தகடு எதுவாயினும் அதைப் பற்றி எழுப்ப வேண்டிய முதல் வினா, ‘இது எவ்வளவு மின்சாரம் தரும்?’ என்பது மட்டுமாக இருத்தல் கூடாது. ‘எத்தனை ஆண்டுகள் தரும்?’ என்பதும் அதனுடன் சேர்ந்தே எழ வேண்டும். பெரோவ்ஸ்கைட் பற்றிய விவாதங்களில் இந்த இரண்டாம் வினா பல வேளைகளில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

சிலிக்கான் கடந்த பாதை

புதியதை எடைபோடுவதற்கு முன் பழையது வந்த வழியை அறிதல் வேண்டும். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரும் உருவாக்கிய சிலிக்கான் சூரிய மின்கலம் உலகுக்கு அறிமுகமானது. அம்மின்கலங்களைக் கொண்டு ஒரு சிறிய பொம்மை இராட்டினத்தைச் சுழற்றிக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்னாற்றலாக மாற்றியது. வியக்கத்தக்க கண்டுபிடிப்பே, ஆயினும் வீட்டுக்கு வாங்கிப் பொருத்த எவராலும் இயலாத விலை.

அதற்கு வாழ்வளித்தது விண்வெளி. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 என்னும் செயற்கைக்கோளில் இரண்டு வானொலி அலைபரப்பிகள் இருந்தன. சாதாரண பேட்டரியால் இயங்கிய ஒன்று சில மாதங்களில் ஓய்ந்தது. சூரிய மின்கலங்களால் இயங்கிய மற்றொன்று 1964 வரை ஒலித்தது. விண்ணுக்குச் சென்று பேட்டரியை மாற்றிவர எவராலும் இயலாது. எனவே, எவ்வளவு விலையானாலும் நீண்டகாலம் உழைக்கும் மின்கலமே அங்கு மலிவானதாயிற்று. சிலிக்கானுக்குக் கிடைத்த முதல் சந்தை, அதன் ஆயுளுக்குக் கிடைத்த மதிப்பாகும்.

அதன்பின் கடலில் மிதக்கும் வழிகாட்டி விளக்குகள், மின்கம்பி எட்டாத தொலைத்தொடர்பு நிலையங்கள், கையடக்கக் கணிப்பான்கள் என ஒவ்வொரு படியாக அது இறங்கி வந்தது. 2000ஆம் ஆண்டில் செருமனி இயற்றிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சூரிய மின்சாரத்தை உறுதியான விலைக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்தது. அதனால் பெருகிய தேவையைச் சீனத் தொழிற்சாலைகளின் பேரளவு உற்பத்தி நிறைவுசெய்தது. உலகின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் தகட்டின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவந்தது. 1970களின் பிற்பகுதியில் ஒரு வாட் திறனுக்கு 70 அமெரிக்க டாலரை ஒட்டியிருந்த விலை, இன்று ஒரு டாலரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இந்தியாவும் இம்மாற்றத்தைக் கண்டது. 2010இல் சவகர்லால் நேரு தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியபோது நடந்த ஏலங்களில் ஒரு யூனிட் சூரிய மின்சாரத்தின் விலை ஏறத்தாழ 12 ரூபாய். 2020 திசம்பரில் குசராத்தில் நடந்த ஏலத்தில் அது 1 ரூபாய் 99 காசாகக் குறைந்தது. 2025 சனவரியில் நாட்டின் சூரிய மின்நிறுவுதிறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது.

சிலிக்கானை எதிர்த்து நிற்கும் எப்பொருளும் இவ்வரலாற்றோடும் போட்டியிட வேண்டும். அசையாமல் நிற்கும் இலக்கை எய்வது எளிது. சிலிக்கானின் விலையோ ஆண்டுதோறும் கீழிறங்கும் இலக்கு.

புதிய வரவு

2009இல் சப்பானின் யோக்கோகாமாவில் உள்ள தோயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுடோமு மியாசாக்காவின் குழு, பெரோவ்ஸ்கைட் படிக அமைப்புடைய சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தி ஒரு சூரிய மின்கலத்தை உருவாக்கியது. அதன் பயனுறுதிறன் 3.8 விழுக்காடு. மிகக் குறுகிய நேரத்தில் அது சிதைந்தும் போனது. உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2012இல் காட்சி மாறியது. தென்கொரியாவின் நாம் கியூ பார்க்கின் குழுவும், இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி சினெய்த்தின் குழுவும் அம்மின்கலத்திலிருந்த நீர்மத்தை நீக்கித் திண்மநிலைக்கு மாற்றின. பயனுறுதிறன் 10 விழுக்காட்டை எட்டியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது 26 விழுக்காட்டைத் தாண்டியது. இதே உயரத்தை அடையச் சிலிக்கானுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

இப்பொருளின் சிறப்பு பயனுறுதிறனோடு முடிந்துவிடவில்லை. மணலிலிருந்து சிலிக்கானைப் பிரித்துத் தூய்மைப்படுத்த மிக உயர்ந்த வெப்பம் தேவை. சிலிக்கான் உருகும் வெப்பநிலையே 1414 பாகை செல்சியசு. பெரோவ்ஸ்கைட்டுப் படலத்தையோ கரைசலாக்கி, மை பூசுவதுபோலப் பூசி, ஏறத்தாழ 150 பாகைக்குள் உலர்த்திப் பெறலாம். சிலிக்கான் வில்லையின் தடிமன் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர். பெரோவ்ஸ்கைட்டுப் படலத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவே போதும். மெல்லிய நெகிழிப் படலத்தின்மேல் பூசினால் பாயைப்போல் வளைக்கவும் இயலும். சிலிக்கான் தகடு 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காட்டை இழக்கிறது. பெரோவ்ஸ்கைட்டில் இவ்விழப்பு பொதுவாகக் குறைவு. வெப்பநாடுகளுக்கு இது நல்ல செய்தி.

தெரிந்து தெளிவோம்

1839ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளுக்குச் சான்றாக உள்ளது. பிரான்சில் பத்தொன்பது அகவை இளைஞரான எட்மண்ட் பெக்கரல், ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் உருசியாவின் யூரல் மலையில் கிடைத்த புதிய கனிமம் ஒன்றைச் செருமானிய அறிஞர் குசுதாவ் ரோசு ஆராய்ந்து, உருசியரான லெவ் பெரோவ்ஸ்கியின் நினைவாகப் பெயரிட்டார். அக்கனிமத்தின் படிக அமைப்பைக் கொண்ட பிற சேர்மங்களும் இன்று அப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. தனித்தனியே தொடங்கிய இவ்விரு கண்டுபிடிப்புகளும் 170 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மின்கலத்தில் சந்தித்தன.

ஆய்வகத்துக்கு வெளியே

இவ்வளவு சிறப்புகள் இருந்தும் பெரோவ்ஸ்கைட்டுத் தகடுகள் ஊரெங்கும் காணப்படாதது ஏன்? மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, அளவு. செய்தித்தாள்களில் இடம்பெறும் பயனுறுதிறன் சாதனைகளுட் பல, ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு மின்கலங்களில் நிகழ்த்தப்பட்டவை. கூரைக்கு வரும் தகடு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்புடையது. விரல்நகம் அளவு இடத்தில் ஒரே சீராகப் படலம் பூசுவது வேறு. கதவளவுப் பரப்பில் ஒரு குறையுமின்றிப் பூசுவது வேறு. ஓரிடத்தில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் அது மின்கலத்தைப் பாதிக்கும்.

இரண்டாவது, ஆயுள். மூன்று தடைகளுள் மிகப் பெரியது இதுவே. பெரோவ்ஸ்கைட்டு ஈரத்துக்கு அஞ்சுவது. வெப்பத்துக்கும் புற ஊதாக் கதிர்களுக்கும் தளர்வது. தகடுகளுக்கான பன்னாட்டுத் தரச்சோதனையில் 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணிநேரம் தகட்டை வைத்திருப்பர். கழிவு 40 பாகைக்கும் 85 பாகைக்கும் இடையே 200 முறை குளிர்வித்துச் சூடேற்றுவர். இச்சோதனைகள் சிலிக்கான் தகடுகளின் பட்டறிவைக்கொண்டு வகுக்கப்பட்டவை. பெரோவ்ஸ்கைட்டு தேயும் விதமோ வேறு. வெப்பமும் ஒளியும் ஒருசேரத் தாக்கும்போது அது கூடுதலாகத் தளர்கிறது. இரவின் இருளில் ஓரளவு மீள்வதும் உண்டு. ஆகவே, ஏறத்தாழ நாற்பத்திரண்டு நாள் சோதனையில் தேறிய ஒரு புதிய தகடு, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று உறுதிகூற இயலாது. சிலிக்கானுக்கு அரை நூற்றாண்டு வெயிலின் சான்றிதழ் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, காரீயம். சிறப்பாகச் செயற்படும் பெரோவ்ஸ்கைட்டுகளில் காரீயம் இடம்பெறுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு கிராமுக்கும் குறைவே என்பது உண்மை. சிலிக்கான் தகடுகளின் பற்றவைப்புகளிலும் காரீயம் பயன்படுகிறது என்பதும் உண்மை. ஆனால், பெரோவ்ஸ்கைட்டிலுள்ள காரீயச் சேர்மம் நீரில் கரையக்கூடியது. உடைந்த தகட்டின்மேல் பெய்யும் மழைநீர் கிணற்றிலும் கண்மாயிலும் சேரும் நாட்டில், இதைச் சிறிய குறை என்று ஒதுக்குவது பொறுப்பாகாது.

ஒரு சிறு கணக்கு

ஆயுள் ஏன் இவ்வளவு முதன்மை பெறுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. வட்டியும் பராமரிப்பும் ஆண்டுதோறும் நிகழும் சிறு தேய்மானமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஒரு கிலோவாட் அமைப்பை நிறுவ 50,000 ரூபாய் ஆகிறது என்று கொள்க. அதில் தகடுகளுக்கு 20,000 ரூபாய். தாங்கும் சட்டம், கம்பி, இன்வெர்ட்டர், கூலி ஆகியவற்றுக்கு 30,000 ரூபாய். நாளொன்றுக்கு 4 யூனிட் எனில் ஆண்டுக்கு 1,460 யூனிட். 25 ஆண்டுகளில் 36,500 யூனிட். ஒரு யூனிட்டின் அடக்கவிலை ஏறத்தாழ 1 ரூபாய் 37 காசு.

இனி, பாதி விலைக்கு ஒரு புதிய தகடு வருகிறது என்று கொள்க. 20,000 ரூபாய்க்கு மாற்றாக 10,000 ரூபாய். மொத்தச் செலவு 40,000 ரூபாயாகக் குறைகிறது. ஆனால், அது 10 ஆண்டுகளே உழைக்கும். கிடைப்பது 14,600 யூனிட். ஒரு யூனிட்டின் அடக்கவிலை ஏறத்தாழ 2 ரூபாய் 74 காசு, அதாவது முன்னதைப்போல் இருமடங்கு. சட்டமும் கம்பியும் மறுமுறை பயன்படலாம். எனினும் கழற்றி மாட்டும் கூலியும் புதிய தகட்டின் விலையும் மீண்டும் வந்துசேரும். கடையில் மலிவாகத் தோன்றியது கூரையில் விலையுயர்ந்ததாகிவிடுகிறது.

மூன்றாவதாக, புதிய தகடு 25 ஆண்டுகள் உழைப்பதோடு அதே பரப்பில் கால் பங்கு கூடுதலாக மின்சாரமும் தருகிறது என்று கொள்க. அப்போது 45,625 யூனிட் கிடைக்கும். யூனிட் விலை பழைய 1 ரூபாய் 37 காசாகவே இருக்க வேண்டுமெனில், மொத்தச் செலவு 62,500 ரூபாய் வரை போகலாம். சட்டத்துக்கும் கூலிக்கும் கூடுதல் செலவு பெரிதாக இல்லை என்று கொண்டால், தகட்டின் விலை 20,000 ரூபாயிலிருந்து 32,500 ரூபாய் வரை உயர்ந்தாலும் வாங்குபவருக்கு இழப்பில்லை. ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட விலையையும் பயனுறுதிறன் தாங்கிக்கொள்கிறது.

இம்மூன்று நிலைகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஆயுளற்ற மலிவு பயன்படாது. ஆயுளோடு கூடிய பயனுறுதிறனுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் ஆதாயமே. பெரோவ்ஸ்கைட்டு ‘மலிவானது’ என்னும் விளம்பரத்தைவிட ‘நிலைத்து உழைப்பது’ என்னும் சான்றே அதற்கு வாழ்வளிக்கும்.

வரலாற்றின் இரு பாடங்கள்

சிலிக்கானுக்கு மாற்றாகப் பிறந்த முதல் தொழில்நுட்பம் பெரோவ்ஸ்கைட்டு அன்று. 2008இல் தூய சிலிக்கானுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு கிலோவின் சந்தை விலை 400 டாலரைக் கடந்தது. சிலிக்கான் இல்லாத தகடுகளே எதிர்காலம் என்னும் எண்ணம் அந்நாளில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் சொலிண்ட்ரா நிறுவனம் குழாய் வடிவிலான புதுவகை மின்கலங்களை உருவாக்கியது; அமெரிக்க அரசு அதற்கு 53.5 கோடி டாலர் கடனுக்குப் பிணை நின்றது. ஆனால், புதிய ஆலைகள் பெருகியதால் 2011 முடிவதற்குள் சிலிக்கானின் விலை அந்த உச்சத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. அவ்வாண்டிலேயே சொலிண்ட்ரா நொடித்துப்போனது. அதன் மின்கலம் மின்சாரம் தரத் தவறவில்லை. சிலிக்கான் விலை உயர்ந்தே இருக்கும் என்னும் கணிப்பே தவறியது.

மாறாக, காட்மியம் டெல்லுரைடு என்னும் சேர்மத்தைக் கண்ணாடியின்மேல் மென்படலமாகப் படியவைக்கும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் அதே புயலில் நிலைத்து நின்றது. உற்பத்திச் செலவை இடைவிடாது குறைத்தது. நச்சுத்தன்மையுள்ள காட்மியம் பற்றிய அச்சத்துக்கு விடையாக, பழைய தகடுகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் ஏற்பாட்டையும் வகுத்தது. காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3,300 மெகாவாட் திறனளவுக்குத் தகடுகளை உருவாக்கும் அதன் தொழிற்சாலை 2024 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. சிலிக்கான் அல்லாத தகடும் வணிகத்தில் வெல்லக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது.

புதுமை தன்னளவில் வெற்றியைத் தருவதில்லை என்பது முதற்பாடம். சிலிக்கானே இறுதிச் சொல் என்று எண்ணவும் வேண்டியதில்லை என்பது இரண்டாம் பாடம்.

போட்டியா, கூட்டா?

அப்படியாயின் பெரோவ்ஸ்கைட்டுக்கு உரிய வழி எது? சிலிக்கானை வீழ்த்த முயல்வதைவிட அதன் தோளில் ஏறிக்கொள்வதே சிறந்த வழி.

சூரிய ஒளி பல நிறங்களின் கலவை. நீல ஒளியின் ஃபோட்டான்களுக்கு ஆற்றல் மிகுதி. சிவப்பொளிக்கும் அகச்சிவப்புக் கதிர்களுக்கும் குறைவு. சிலிக்கான் இவ்விரண்டையும் ஏற்றாலும், நீல ஒளியின் மிகுதி ஆற்றலைப் பயன்படுத்த இயலாமல் வெப்பமாக வீணாக்குகிறது. இதனால் சிலிக்கான் மின்கலத்தின் பயனுறுதிறன் எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 29 விழுக்காட்டைத் தாண்டாது என்பது கோட்பாடு. ஆய்வகங்கள் 27 விழுக்காட்டை ஏற்கெனவே எட்டிவிட்டன. இனி ஏறுவதற்கு எஞ்சியுள்ள படிகள் சிலவே.

பெரோவ்ஸ்கைட்டுப் படலம் எந்நிற ஒளியை ஏற்க வேண்டும் என்பதை, அதில் சேரும் அயோடின், புரோமின் ஆகியவற்றின் அளவை மாற்றித் தீர்மானிக்கலாம். நீல ஒளியை ஏற்கும் படலத்தைச் சிலிக்கானின்மேல் பூசினால், மேலடுக்கு நீலத்தைப் பயன்படுத்தும். அதைக் கடந்து செல்லும் சிவப்பைக் கீழடுக்கு பயன்படுத்தும். ஒரே வயலில் ஊடுபயிரிட்டு இரு விளைச்சல் காணும் உழவரின் உத்தி போன்றது இது. இவ்வாறு அமைந்த அடுக்கு மின்கலம் ஒன்றில், சீனாவின் லோங்கி நிறுவனம் 2024இல் 34.6 விழுக்காட்டை எட்டிக்காட்டியது. சிலிக்கான் தனித்து நின்றால் ஒருபோதும் எட்ட இயலாத உயரம் அது.

இங்கும் ஆய்வகத்துக்கும் அங்காடிக்கும் இடைவெளி உண்டு. ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வின் வழி 2010இல் பிறந்த ஆக்சுபோர்டு பிவி நிறுவனம், செருமனியின் பிராண்டன்பர்க் நகரிலுள்ள தன் ஆலையிலிருந்து 2024 செப்டம்பரில் முதன்முறையாக அடுக்குத் தகடுகளை வணிகத்துக்கு அனுப்பியது. அவற்றின் பயனுறுதிறன் 24.5 விழுக்காடு. சந்தையிலுள்ள நல்ல சிலிக்கான் தகடுகள் தருவது 22 முதல் 23 விழுக்காடு. முன்னேற்றம் உண்மையானது, சாதனைச் செய்திகள் தூண்டும் எதிர்பார்ப்பைவிடச் சிறியது என்பதும் உண்மை.

சப்பான் மற்றொரு வழியைத் தேர்ந்துள்ளது. மலையும் மக்கள் நெருக்கமும் மிகுந்த அந்நாட்டில் சமவெளி குறைவு. கனமான கண்ணாடித் தகடுகளைத் தாங்காத கூரைகளிலும் கட்டடச் சுவர்களிலும் வளையும் பெரோவ்ஸ்கைட்டுப் படலங்களைப் பொருத்த அது முனைந்துள்ளது. 2040க்குள் 20,000 மெகாவாட் என இலக்கும் வகுத்துள்ளது. இப்பொருளுக்குத் தேவையான அயோடின் உற்பத்தியில் சிலி நாட்டுக்கு அடுத்த இடம் சப்பானுக்கே. ஒருகாலத்தில் சிலிக்கானுக்கு விண்வெளி அமைந்ததுபோல், சிலிக்கான் நுழைய இயலாத இடங்கள் பெரோவ்ஸ்கைட்டுக்கு முதற்படியாக அமையக்கூடும்.

மறுப்பும் விடையும்

‘சிலிக்கான் இவ்வளவு மலிந்துவிட்டபின் புதிய பொருள் எதற்கு?’ என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஆனால், தகடு மலிந்தாலும் நிலம் மலியவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. கால் பங்கு கூடுதலாக மின்சாரம் தரும் தகடுகளால் அதே மின்திறனை ஏறத்தாழ 2,000 ஏக்கரில் பெறலாம். மிஞ்சும் 500 ஏக்கர் மேய்ச்சலுக்கோ பயிருக்கோ உரியதாக எஞ்சும். நகரத்துச் சிறு கூரைகளிலும் இதே நிலைதான். தகட்டின் விலை குறையக் குறைய, நிலம், சட்டம், கூலி ஆகியவற்றின் பங்கு உயர்கிறது. அதனால் பயனுறுதிறனின் மதிப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

‘நல்லது என்று தெரிந்தபின் காத்திருப்பது ஏன்? இப்போதே கூரைகளுக்குக் கொண்டுவரலாமே’ என்பது எதிர்த்திசையிலிருந்து எழும் வினா. இதற்கு இந்தியக் கூரைகளே விடை கூறுகின்றன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தேசிய ஒளிமின் ஆய்வு மையமும் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட தகடுகளைக் கள ஆய்வு செய்தன. வெப்பம் மிகுந்த பகுதிகளில் தகடுகள் விரைவாகத் தேய்வதும், பெரிய மின்நிலையங்களைவிடச் சிறிய கூரையமைப்புகளில் தேய்மானம் மிகுதியாக இருப்பதும் அவற்றால் தெரியவந்தன. நன்கறியப்பட்ட சிலிக்கானுக்கே இந்நிலை எனில், அறியப்படாத புதிய பொருளை எளிய குடும்பங்களின் கூரையில் ஏற்றிச் சோதித்தல் முறையாகாது. பெருநிறுவனம் ஒரு தகட்டை இழந்தால் அது கணக்கேட்டில் ஒரு வரி. கடன் பெற்ற குடும்பம் இழந்தால் அது பிள்ளைகளின் படிப்புச் செலவில் விழும் வெட்டு. புதுமைக்கான இடரைத் தாங்க வல்லவர்களே அதை முதலில் ஏற்க வேண்டும்.

செய்யத் தக்கவை

இதிலிருந்து செய்யத் தக்கவை தெளிவாகின்றன. குளிர்நாட்டு ஆய்வகத்தின் சான்று மட்டும் போதாது. இராசத்தானின் பாலைவெயிலிலும், சென்னைக் கடற்கரையின் உப்புக்காற்றிலும், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடைமழையிலும் புதிய தகடுகள் ஆண்டுக்கணக்கில் நிறுத்திச் சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனை முடிவுகள், வெற்றியானாலும் தோல்வியானாலும், மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். முதல் பயன்பாடு அரசின் மின்நிலையங்களிலும் பெருந்தொழிலகங்களிலும் அமைய வேண்டும். விற்கும் நிறுவனமே உடைந்த தகட்டையும் ஓய்ந்த தகட்டையும் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும். காரீயம் மண்ணில் சேர்ந்தபின் சட்டம் இயற்றுவதில் பயனில்லை. உத்தரவாதம் என்பது அச்சிட்ட தாளாக மட்டும் நின்றுவிடாமல், நிறுவனம் மூடப்பட்டாலும் வாங்கியவருக்கு ஈடு கிடைக்கும் வகையில் காப்பீட்டால் உறுதிசெய்யப்பட வேண்டும்.

முடிவாக

பெரோவ்ஸ்கைட்டு வணிகத்தில் வெல்லுமா என்னும் வினாவுக்கு விடை இதுவே: வெல்லக்கூடும், சிலிக்கானோடு கூட்டுச் சேர்ந்தால் விரைவில் வெல்லக்கூடும், ஆனால், தன் ஆயுளை மெய்ப்பிக்கும்வரை அதை வெற்றி என்று அழைப்பது பொருந்தாது. பயனுறுதிறனை ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம். ஆயுளை அளக்க ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளை விளம்பரத்தால் சுருக்க இயலாது. அறிவியலின் பொறுமையால் மட்டுமே கடக்க இயலும்.

1954இல் ஒரு பொம்மை இராட்டினத்தைச் சுழற்றிய மின்கலம், நாடுகளின் ஆலைகளை இயக்கும் நிலைக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின. 2009இல் பிறந்த பெரோவ்ஸ்கைட்டு மின்கலத்துக்கு அவ்வளவு காலம் தேவைப்படாமலும் போகலாம். இன்று பதினோராம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் வணிகவியலும் பயிலும் மாணவர் சிலரே நாளை அதன் படலத்தைச் சீராக்குவர். சிலர் அதைச் சோதித்துச் சான்றளிப்பர். சிலர் அதற்குக் கடன் வழங்கும் வங்கியில் அமர்ந்திருப்பர். ஏனையோர் தம் கூரைக்கு அதை வாங்கும் நிலையில் இருப்பர். ‘எவ்வளவு தரும்?’ என்பதோடு ‘எத்தனை ஆண்டுகள் தரும்? உடைந்தால் யார் பொறுப்பு?’ என்னும் வினாக்களை இவர்கள் அனைவரும் தயங்காமல் எழுப்பினால், நல்ல தொழில்நுட்பம் தழைக்கும். கடன் பெற்ற குடும்பமும் ஏமாறாது. வெயிலுக்கு விலையில்லை, அதை நம்பி முதலிடும் மக்களின் உழைப்புக்கு விலையுண்டு.